பழைய பிரெஞ்சு மடிப்புத் திரை: ஆராய்ந்து வாங்கவும் பழுது பார்த்துப் பாதுகாக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மரச்சட்டமும் துணியும் சேர்ந்த ஒரு மடிப்புத் திரையைப் பார்க்கும்போது ஒரே பொருளைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது இரண்டு பொருள்கள். மரம் இருநூறு ஆண்டுகளைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அதன்மேல் இழுத்துக் கட்டிய பட்டு, வெளிச்சம் படும் அறையில், அதில் பாதிக் காலம்கூடத் தாங்குவதில்லை. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டத்தின்மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துணியும், அந்தத் துணிக்கு இருபதாம் நூற்றாண்டு ஓரப்பட்டியும் இருப்பது மோசடி அன்று, அதுதான் வழக்கம். விற்பவரும் வாங்குபவரும் முன்பக்கத் துணியைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். வயதைச் சொல்பவையோ விளிம்பும், பின்பக்கமும், கீலும்தாம். இந்த வழிகாட்டியும் அவற்றை வைத்தே நகர்கிறது.

பிரெஞ்சில் இதற்குப் பாராவான் என்று பெயர். காற்றைத் தடுப்பது என்ற பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பெயரிலேயே பயன் இருக்கிறது. கணப்பில் நெருப்பு எரியும்போது அது அறையின் காற்றைப் புகைபோக்கி வழியாக மேலே இழுக்கும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்குகளின் வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். நெருப்பை நோக்கி அமர்ந்திருப்பவருக்கு முகம் சுடும், முதுகு விறைக்கும். அந்த முதுகுக்குப் பின்னால் நிறுத்துவதற்காக வந்ததுதான் பாராவான். நெருப்புக்கு முன்னால் வைக்கும் ஒற்றைச் சட்டத் தடுப்புக்கு எக்ரான் என்று வேறு பெயர் உண்டு. இரண்டையும் குழப்பி எழுதியிருக்கும் விற்பனைக் குறிப்புகள் ஏராளம்.

நம்முடைய கடற்கரையின் பெயரைத் தாங்கிய கோரமண்டல் திரைகளும் ஐரோப்பியச் சந்தையில் உலவுகின்றன. அவை சோழமண்டலத்தில் செய்யப்பட்டவை அல்ல. சீனாவில் அரக்குப் பூச்சில் செதுக்கப்பட்டு, இந்தக் கரையின் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயரைப் பெற்றன. அவற்றை ஆராயும் முறையே வேறு என்பதால் இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

1738இல் எர்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயியிலும் அகழாய்வுகள் தொடங்கிய பிறகு, பழைய கிரேக்க, ரோமானிய வடிவங்களின்மேல் ஐரோப்பாவுக்கு மோகம் பிறந்தது. 1760களில் பாரிஸ் தச்சர்களின் கைகளில் வளைந்த கோடுகள் நிமிரத் தொடங்கின. பதினாறாம் லூயி அரியணை ஏறிய 1774இல் அந்தப் பாணி முதிர்ந்துவிட்டிருந்தது. அவர் பெயராலேயே இன்று அது பதினாறாம் லூயி பாணி என்று அறியப்படுகிறது. இந்த வழிகாட்டி பேசுவதும் அந்தப் பாணித் திரைகளைப் பற்றியே.

முதல் படி: தொடுவதற்கு முன் நிறுத்திப் பார்ப்பது

திரையின் ஒவ்வொரு பிரிவையும் மடல் என்று அழைப்போம். நான்கு அல்லது ஆறு மடல்கள் கொண்டவையே அதிகம் கிடைக்கின்றன. ஒருவர் தனியாக இதைத் தூக்கவே கூடாது. மேற்சட்டத்தைப் பிடித்துத் தூக்குவது இன்னும் மோசம், ஏனென்றால் முழு எடையும் பழைய மூட்டுகளில் தொங்கும். மடித்த நிலையில், இரண்டு பேர் பக்கச்சட்டங்களின் கீழ்ப்பகுதியைப் பிடித்து நகர்த்த வேண்டும். பிறகு சமதளத்தில் மடல்களை வளைந்து வளைந்து செல்லும் நிலையில் விரித்து நிறுத்துங்கள்.

ஓர் அளவுநாடா, ஒரு சிறு கைவிளக்கு, ஓர் உருப்பெருக்கி ஆகியவை போதும். ஒவ்வொரு மடலின் உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கையால் செய்த சட்டங்களில் சில மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தே தீரும். ஆறு மடல்களும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவில் இருந்தால் அது இயந்திரப் பட்டறையின் வேலையாக இருக்கலாம். ஒரே ஒரு மடல் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் அதன் கீழ்முனையைப் பாருங்கள். ஈரத்தில் உளுத்த கால்களை யாரோ அறுத்திருக்கக்கூடும்.

அடுத்து, இரண்டு கடைசி மடல்களின் வெளி விளிம்புகளைப் பாருங்கள். இந்த இடத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. ஆறு மடல் திரையை மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு திரைகளாக விற்பது பழைய தந்திரம். அப்படிப் பிரித்திருந்தால், இன்று எதனோடும் சேராமல் நிற்கும் வெளி விளிம்பில், முன்பு கீல் உட்கார்ந்திருந்த செவ்வகப் பள்ளம் மரத்துண்டாலோ மக்காலோ அடைக்கப்பட்டிருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்த அடைப்பு நிழலாகத் தெரியும். நான் ஒரு சந்தைக் கடையில் மூன்று மடல் திரை ஒன்றை மிகவும் விரும்பி, முன்பணமும் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றிரவு அந்த விளிம்பைத் தடவியபோதுதான் பெருவிரலுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. அன்றிலிருந்து எந்தத் திரையாக இருந்தாலும் விளிம்பைத்தான் முதலில் தொடுகிறேன்.

இரண்டாம் படி: மரத்தைப் படிப்பது

அலங்காரத்தை அடையாளம் காண்பது எளிது. நேர்ச்சட்டத்தில் நீளவாக்கில் ஓடும் வரிப்பள்ளங்கள், முத்துக்கோவை போன்ற மணிவரிசை, முறுக்கிய நாடா, மூலையில் சதுரக்கட்டைக்குள் அமைந்த பூவட்டம், மேலே பைன் காய் அல்லது கும்பம் போன்ற முடி, லாரல் இலைமாலை ஆகியவை இந்தப் பாணியின் இலக்கணம். மேற்சட்டம் நேராகவோ மென்மையான வில்லாகவோ இருக்கும். ஆனால் இவை பாணியைச் சொல்லுமே தவிர, காலத்தைச் சொல்லமாட்டா. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் காலத்தில் (1852–1870), பதினாறாம் லூயியின் அரசி மாரி அந்துவானெத்தின்மேல் பெரும் பற்றுக்கொண்டிருந்த அவர் மனைவி, பேரரசி யூஜெனியின் ரசனையால் இதே அலங்காரங்கள் மீண்டும் பெருவாரியாகச் செய்யப்பட்டன. இன்று சந்தையில் பார்க்கும் லூயி திரைகளில் பெரும்பகுதி அந்த மறுமலர்ச்சியையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தவை.

காலத்தை அறியப் பின்பக்கத்துக்குச் செல்ல வேண்டும். தங்கரேக்கு ஒட்டவோ வண்ணம் பூசவோ திட்டமிட்ட சட்டங்களுக்கு பிரெஞ்சுத் தச்சர்கள் பெரும்பாலும் பீச் (beech) மரத்தையே எடுத்தார்கள். அது இறுக்கமான, வரி தெரியாத, செதுக்க எளிய மரம். மரமாகவே தெரிய வேண்டிய இடங்களில் வால்நட் போன்றவை வரும். கண்ணுக்குத் தெரியாத பரப்பில் கைவாள் இழுத்த தடங்கள் நேராகவும் சற்றே ஒழுங்கின்றியும் இருக்கும். இழைப்புளி ஓடிய இடம் விரலுக்கு மெல்லிய அலையாகத் தட்டுப்படும். வில்வடிவான, ஒன்றுக்கொன்று இணையான தடங்கள் தெரிந்தால் அது வட்டவாள் வேலை. அப்படிப்பட்ட சட்டத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வைக்க முடியாது.

மூட்டுகளில் ஒரு சட்டத்தின் கழுந்து மற்றதன் துளைக்குள் நுழைந்திருக்கும். அதைக் குறுக்கே துளைத்து மரமுளை அடித்து இறுக்கியிருப்பார்கள். மரம் காயும்போது நாரின் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்காது. ஆகவே இருநூறு ஆண்டுகள் கழித்து அந்த முளையின் தலை, சுற்றியுள்ள பரப்பைவிட நூலிழை துருத்திக்கொண்டு நிற்கும்; வட்டமாக இருந்த அதன் தலையும் லேசாக நீள்வட்டமாகியிருக்கும். கண்ணைவிட விரல்நுனி இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். உருண்டு திரண்ட, அச்சில் வார்த்தாற்போன்ற மரமுளைகள் இயந்திரக் காலத்தவை.

கீழ்ச்சட்டத்தின் அடிப்பரப்பில் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். 1743இல் வகுக்கப்பட்டு 1751இல் பதிவான விதிகளின்படி பாரிஸின் தச்சர் குழுவினர் தம் பெயரை இரும்பு முத்திரையால் மரத்தில் பதிக்க வேண்டியிருந்தது. குழுவின் ஆய்வாளர்கள் அருகே ஜே, எம், ஈ என்ற மூன்று எழுத்துகளை, அதாவது குழுவின் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளை, சேர்த்துப் பதித்தார்கள். ஜார்ஜ் ஜக்கோப் (1739–1814), ஜான் பத்தீஸ்த் கிளோது செனே போன்ற புகழ்பெற்ற தச்சர்களின் பெயர்கள் அடிப்பரப்பில் தென்பட்டால் மனம் துள்ளும். அதே காரணத்தால்தான் போலி முத்திரைகளும் உண்டு. உண்மையான முத்திரை அடித்தபோது மரநார் நசுங்கி உள்ளே இறங்கியிருக்கும். பள்ளத்துக்குள்ளும் சுற்றுப்புறத்துக்குச் சமமான பழைய அழுக்கு படிந்திருக்கும். எழுத்தின் உட்புறம் மட்டும் வெளுத்தோ கருகியோ இருந்தால் சந்தேகப்படுங்கள். முத்திரை இல்லாதது மட்டுமே ஒரு பொருளைப் பொய்யாக்கிவிடாது. அரசரின் பணியில் இருந்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. 1791இல் தொழிற்குழுக்களே ஒழிக்கப்பட்டன.

மூன்றாம் படி: கீலும் திருகாணியும்

பழைய திரைகள் பலவற்றில் உலோகக் கீலே கிடையாது. அடுத்தடுத்த மடல்களின் விளிம்புகளில் துணி அல்லது தோல் நாடாக்களை மாறி மாறி எதிர்ப்பக்கங்களில் ஆணியடித்துக் கோத்திருப்பார்கள். அதனால் மடல் இருபுறமும் மடியும். அவற்றை எடுத்துவிட்டுப் பிற்காலத்தில் பித்தளைக் கீல் போட்டிருந்தால், கீலுக்கு அருகில் சிறு ஆணித்துளைகள் வரிசையாக இருக்கும். பார்வைக்கு இது சேதம் போலத் தோன்றினாலும் திரையின் வயதுக்கு இது நல்ல சாட்சி.

ஒரு திருகாணியைக் கழற்ற உரிமையாளர் அனுமதித்தால் கழற்றிப் பாருங்கள். கையால் அறுத்த பழைய திருகாணியின் தலைவெட்டு நடுவிலிருந்து விலகியிருக்கும், மரையின் சுற்றுகள் சீரற்றிருக்கும், முனை மழுங்கியிருக்கும். கூர்முனையுள்ள இயந்திரத் திருகாணிகள் 1840களின் இறுதியிலிருந்துதான் பரவலாயின. சிலுவை வெட்டுள்ள தலை 1930களுக்குப் பிந்தையது. ஒரு கீலில் மட்டும் புதிய திருகாணி இருப்பது பழுதுபார்ப்பு. எல்லாக் கீல்களிலும் ஒரேமாதிரிப் புதியவை இருந்து, அடியில் பழைய துளைகளே இல்லையென்றால் திரையே புதியது.

நான்காம் படி: துணியைப் படிப்பது

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் இருப்பதையும் கிழித்துவிடுவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சட்டத்தைத் தச்சர் செய்தார், செதுக்கலைச் சிற்பி செய்தார், தங்கரேக்கை மற்றொருவர் ஒட்டினார், துணியைத் தப்பிசியே எனப்படும் மெத்தைத் தொழிலாளர் போர்த்தினார். இந்த நால்வரின் கூலியையும்விடப் பட்டுத்துணியின் விலையே பெரிதாக இருப்பது அரிதன்று. செல்வர் வீடுகளில் குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று துணியை மாற்றும் வழக்கமும் இருந்தது. துணி மாறுவதற்கென்றே உருவான பொருள் இது. ஆகவே 'அசல் துணி' என்று ஒருவர் அழுத்திச் சொன்னால், மறுக்காமல், ஓரப்பட்டிக்கு அடியில் பார்க்கலாமா என்று மட்டும் கேளுங்கள்.

ஓரப்பட்டி என்பது துணியின் விளிம்பையும் ஆணிகளையும் மறைக்கும் குறுகிய நெசவுப் பட்டி. கீழ்மூலையில், ஏற்கெனவே பசை விட்டிருக்கும் இடத்தில், இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் அதை மெல்லத் தூக்குங்கள். அடியில் தெரிவது அந்தத் திரையின் வாழ்க்கைக் குறிப்பு. கொல்லன் அடித்த ஆணிகளின் தலை ஒழுங்கற்றும், தண்டு நாற்புறமும் கூம்பியும் இருக்கும். தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டிய ஆணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பரவின. உருண்டைக் கம்பி ஆணிகள் அதற்கும் பிந்தியவை. கம்பிப் பின்கள் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. துணி ஒருமுறைதான் போர்த்தப்பட்டது என்றால் மரத்தில் ஒரே தொகுதித் துளைகள்தாம் இருக்க வேண்டும். துளைகள் சல்லடையாக இருந்து, அவற்றில் பாதி வெறுமையாக இருந்தால், இன்றைய துணிக்கு முன் இரண்டோ மூன்றோ துணிகள் இருந்திருக்கின்றன. வெறும் துளைக்குள் சிக்கிய ஒரு நூல்முடிச்சைக்கூட எறியாதீர்கள். ஒரு திரையின் மூலையில், துருப்பிடித்த ஆணித்தலைக்கு அடியில், அரிசிமணி அளவுக்கு ஒட்டியிருந்த நீலப் பட்டுத்துணுக்கு ஒன்றைப் பார்த்தேன். வெளியே தெரிந்த துணி பழுப்பேறிய இளஞ்சிவப்பு. அந்த அறையில் அந்தத் திரை ஒரு காலத்தில் நீலமாக நின்றிருக்கிறது என்பதற்கு வேறு ஆதாரமே கிடையாது.

நிறமும் பேசும். பழைய சாயத்தில் பச்சை என்பது தனி நிறமன்று. அவுரி நீலத்தின்மேல் தாவர மஞ்சள் ஏறியது. வெளிச்சம் மஞ்சளை முதலில் தின்றுவிடும், நீலம் தங்கும். பழைய பட்டின் இலைகள் நீலமாக மாறியிருந்து, ஓரப்பட்டிக்கு அடியில் மறைந்த அதே இலையின் நுனி மட்டும் பச்சையாக இருந்தால், இயற்கைச் சாயம் என்பதற்கு அது வலுவான அடையாளம். முதல் செயற்கைச் சாயம் 1856இல் வந்தது. பளீரென்ற ஊதாவும் கூர்மையான மஜந்தாவும் அதற்கு முன்பு இருக்க வழியில்லை. புற ஊதாக் கைவிளக்கை இருட்டில் காட்டும்போது தையல்நூல் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், அது வெண்மையூட்டி கலந்த நவீன நூல்.

நெசவில் அகலத்தைப் பாருங்கள். லியோன் நகரத்துப் பட்டுகள் பெரும்பாலும் 54 சென்டிமீட்டர் அகலத்தில் நெய்யப்பட்டன. அதைவிட அகலமான மடலில் பழைய பட்டு இருந்தால் பொதுவாக எங்கேனும் ஓர் ஒட்டுத்தையல் இருக்கும். 70 சென்டிமீட்டர் மடலை ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாகப் பட்டு மூடியிருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத் தறியில் பிறந்தது.

அச்சிட்ட பருத்தியாக இருந்தால் கதை இந்தியாவரை நீளும். நம் கிழக்குக் கரையிலிருந்து கப்பலில் சென்ற வண்ணத்துணிகளின்மேல் பிரான்சுக்கு ஏற்பட்ட பித்தைப் பார்த்து அஞ்சிய உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்களுக்காக 1686இல் அரசு அவற்றைத் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. நீங்கிய மறு ஆண்டே, 1760இல், ஓபெர்காம்ப் என்பவர் வெர்சாய்க்கு அருகிலுள்ள ஜூய் என்ற ஊரில் அச்சுப்பட்டறை தொடங்கினார். துவால் த ஜூய் என்று இன்று உலகெங்கும் விற்கும் ஒற்றை நிறக் காட்சித்துணியின் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. செப்புத்தகட்டால் அச்சிட்டவற்றில் ஒரு காட்சி மீண்டும் வருவதற்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்கூட ஆகலாம். 1797க்குப் பின் அங்கே உருளை அச்சு வந்தது; உருளையின் சுற்றளவே எல்லை என்பதால் அதில் காட்சி குறுகிய இடைவெளியிலேயே திரும்ப வரும். இந்தத் துணிக்கு மறுபதிப்புகள் எண்ணிக்கையற்றவை. பின்புறம் பார்க்காமல் எதையும் நம்பவேண்டாம்.

ஐந்தாம் படி: விற்பனைச் சீட்டில் ஒரு சொல்

பிரான்சில் வாங்குபவர் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். 'எப்போக் லூயி சேஸ்' (சேஸ் என்பது பதினாறு) என்றால் அந்தப் பொருள் அந்தக் காலத்திலேயே செய்யப்பட்டது என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார். 'ஸ்தீல் லூயி சேஸ்' என்றால் அந்தப் பாணியில் எப்போது வேண்டுமானாலும் செய்யப்பட்டிருக்கலாம். இது வெறும் மொழிவழக்கு அன்று. 1981 மார்ச் 3ஆம் நாள் வெளியான அரசாணை, காலத்தைக் குறிப்பிட்டு விற்றால் அந்தக் காலத்துக்கு உத்தரவாதம் தரவேண்டும் என்றும், பிற்காலப் பகுதிகள் இருந்தால் வாங்குபவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. ஆகவே அந்த ஒரு சொல்லைக் கையெழுத்திட்ட சீட்டில் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. துணி பிற்காலத்தது என்பதையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நேர்மையான வணிகர் இதற்குத் தயங்கமாட்டார். நாட்டைவிட்டு வெளியே எடுத்துச்செல்வதாக இருந்தால், குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு ஏற்றுமதிச் சான்றிதழ் தேவை என்பதால் அந்தப் பொறுப்பு யாருடையது என்றும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் புழங்குவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நல்ல மறுபதிப்பே மேல். மூட்டுகள் உறுதியானவை, விலை பல மடங்கு குறைவு, துணி மாற்றும்போது கை நடுங்காது.

ஆறாம் படி: தனிமைப்படுத்தல்

வாங்கிய திரையை நேரே கூடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பீச் மரம் மரவண்டுக்கு விருந்து. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளைகள் வண்டு வெளியேறிய வாசல்கள்; அவை மட்டுமே இருந்தால் பழைய கதையாக இருக்கலாம். தனியறையில் திரைக்கு அடியில் கறுப்புத்தாளை விரித்துச் சில வாரம் விட்டுவையுங்கள். வெளிர்நிறப் புதுத்தூள் தாளில் விழுந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ஐரோப்பாவில் வண்டு வெளிவருவது மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் என்பதால், குளிர்காலத்தில் தூள் விழவில்லை என்று நிம்மதியடைய வேண்டாம்.

தங்கரேக்கோ பட்டோ உள்ள சட்டத்தில் கடையில் வாங்கிய மரவண்டு மருந்தைத் தெளிக்கக் கூடாது, கறை நிரந்தரமாகிவிடும். பாதுகாப்பு நிபுணர்கள் காற்றுப்புகாத உறைக்குள் வைத்து, ஆக்சிஜனை நீக்கிச் சில வாரங்களில் பூச்சியைக் கொல்லும் முறையைக் கையாள்கிறார்கள். செலவு ஆகும், ஆனால் பொருளுக்கு ஊறு வராது. கம்பளி நூலால் நெய்த மடல்களில் துணிப்பூச்சியையும் தேட வேண்டும்.

ஏழாம் படி: சுத்தம் செய்தல்

தங்கரேக்கு ஒட்டிய பகுதியில் தண்ணீர் படவே கூடாது. சுண்ணப்பொடியையும் விலங்குப் பசையையும் கலந்து பூசிய வெள்ளைப் பூச்சு, அதன்மேல் செம்மண் பூச்சு, அதன்மேல் ரேக்கு என்பதே அதன் அடுக்கு. அந்தப் பசை நீரில் கரையும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் செம்மண் வெளியே வந்துவிடும். அதையே 'பழமையின் அழகு' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. மென்மயிர்த் தூரிகையால் தூசியைத் தட்டி, மற்றொரு கையில் தூசியுறிஞ்சியின் வாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து உறிஞ்சினால் போதும். பச்சையும் பழுப்புமாகக் கறுத்த 'தங்கம்' என்பது பிற்காலத்தில் பித்தளைப்பொடியால் பூசியது. உண்மைத் தங்கம் அப்படிக் கறுக்காது. அந்தப் பித்தளைப் பூச்சை நீக்குவது நிபுணரின் வேலை.

சாம்பல் அல்லது வெள்ளை வண்ணம் பூசிய சட்டமாக இருந்தால் அதில் ஈயவெள்ளை இருக்கக்கூடும். உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்குச் செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காகிதத்திலோ வண்ணத்திலோ கண்ணைப் பறிக்கும் பச்சை இருந்தால் ஆர்செனிக்கை நினைவில் கொண்டு, கையுறை அணிந்தே தொடுங்கள்.

துணியைத் துவைப்பது பற்றிய பேச்சே வேண்டாம். தூசியுறிஞ்சியின் வாயில் நைலான் வலையைக் கட்டி, மிகக் குறைந்த வேகத்தில், துணியைத் தொடாமல் மேலிருந்து கீழாகச் செல்லுங்கள். பட்டு இழைகள் நெடுக்காகப் பிளந்து பாவு நூல் மட்டும் தொங்கும் இடங்களில் அதுவும் கூடாது.

எட்டாம் படி: மூட்டுகளை இறுக்குதல்

ஆடும் மூட்டைப் பார்த்தவுடன் ஆணியடிப்பதும், வெள்ளைப் பிசினை ஊற்றுவதும் வழக்கம். இரண்டும் தவறு. ஆணி கழுந்தைப் பிளக்கும். அந்தப் பிசின் இறுகிவிட்டால் அடுத்த முறை மரத்தை உடைக்காமல் பிரிக்க முடியாது. பழைய முளையைப் பின்புறமிருந்து மெல்லத் தட்டி வெளியே எடுத்து, மூட்டைப் பிரித்து, காய்ந்த பசையை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் தளர்த்தித் துடைத்து, சூடாக்கிய விலங்குப் பசையைப் பூசி மீண்டும் சேர்க்க வேண்டும். தங்கரேக்கு அருகில் இருந்தால் நீருக்குப் பதில் உளிமுனையால் சுரண்டுவதே பாதுகாப்பு. இறுக்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக்குங்கள். கோணிய மடலில் துணி எவ்வளவு திறமையாகப் போர்த்தினாலும் சுருக்கம் போகாது.

ஒன்பதாம் படி: துணியைக் காப்பதா, மாற்றுவதா

பழைய துணி இருக்கும்வரை அதைக் காப்பதே முதல் தெரிவு. மெல்லிய பட்டுவலையை அதே நிறத்தில் சாயமேற்றி மேலே போர்த்தினால், சிதைந்த துணி உதிராமல் நிற்கும். இரண்டடி தள்ளி நின்றால் வலை தெரியாது. கிழிசலில் ஒட்டுநாடா, துணிப்பசை போன்றவை ஒருபோதும் வேண்டாம்.

மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு மடலையும் படமெடுத்து எண்ணிடுங்கள். ஓர் ஆணியைப் பிடுங்கும்போதும் நெம்புகோலுக்கு அடியில் அட்டைத்துண்டு வைத்தால் மரம் நசுங்காது. கழற்றிய துணி, ஓரப்பட்டி, உள்ளே இருந்த பழைய காகிதம் அனைத்தையும் உறையிலிட்டு, எந்த மடலுக்குரியது என்று எழுதித் திரையுடனேயே வையுங்கள். உள்காகிதம் சில சமயம் பழைய கணக்கேட்டுத் தாளாகவோ செய்தித்தாளாகவோ இருக்கும். அதில் தேதி இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

புதுத்துணிக்கு அடியில் லினன் துணியை முதலில் இழுத்துக் கட்டுங்கள். எடையைத் தாங்குவது அதுதான், மேல்துணி அதன்மேல் சும்மா அமர வேண்டும். மேலே நடுவில் ஓர் ஆணி, கீழே நடுவில் ஓர் ஆணி, பிறகு இடவல நடுக்களில், அதன்பின் நடுவிலிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறிச் செல்லுங்கள். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும். அளவுக்கு மீறி இழுத்தால் மெல்லிய பக்கச்சட்டம் உள்வளைந்துவிடும். விரலால் தட்டினால் முரசுபோல் ஒலிக்க வேண்டியதில்லை, தொய்வு தெரியாமல் இருந்தால் போதும். பூவேலை உள்ள துணியாக இருந்தால், எல்லா மடல்களிலும் ஒரே உயரத்தில் ஒரே பூ அமையுமாறு முதலில் தரையில் விரித்துப் பாருங்கள். மொத்தத் துணியையும் ஒரே சாயத்தொகுதியிலிருந்து வாங்குங்கள்.

இங்கே ஒரு கணக்கு உண்டு, தேர்ந்தவர்களும் தவறும் இடம். முழுச்சட்டத்தையும் துணியே மூடும் வகைத் திரையில், மடித்தபோது இரண்டு முகங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. பஞ்சுப்படலம் வைத்து ஒவ்வொரு முகத்தையும் ஒன்றரை மில்லிமீட்டர் தடித்தால், கீலுக்கு மூன்று மில்லிமீட்டர் இடம் குறைகிறது. மூடும்போது அந்த மூன்று மில்லிமீட்டரை நெம்புகோலாக்கி, மடல் தன் சொந்தத் திருகாணியைத் தானே பிடுங்கிவிடும். பழைய துணியின் தடிமனை அளந்து, புதியது அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சைக் கேட்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் போதும்.

பத்தாம் படி: இருக்கும் இடம்

நேராக விரித்த திரை விழும். அடுத்தடுத்த மடல்கள் ஏறத்தாழச் செங்கோணத்துக்கு நெருக்கமாக மடிந்திருந்தால்தான் அது தானே நிற்கும். சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் ஒளிக்குமேல் அனுமதிப்பதில்லை. வீட்டில் அந்த அளவு சாத்தியமில்லை என்றாலும் நேர்வெயிலையாவது தவிர்க்கலாம். எரியும் கணப்புக்கு அருகிலும் வெப்பமூட்டிக்கு முன்னாலும் மரம் வேகமாகக் காய்ந்து, தங்கரேக்கின் அடிப்பூச்சு செதில் செதிலாகப் பெயரும். நெருப்பு இழுத்துவரும் குளிரைத் தடுக்கப் பிறந்த பொருளை நெருப்பிலிருந்தே விலக்கி வைக்க வேண்டியிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக இருந்தால் நலம். ஏறுவதும் இறங்குவதுமே மரத்தைக் கெடுக்கும்.

எடுத்து வைக்கும்போது மடல்களுக்கிடையே அமிலமற்ற மெல்லிய தாளை வைத்து, நிமிர்ந்த நிலையில், தரையிலிருந்து இரண்டு மரக்கட்டைகளின்மேல் உயர்த்தி, பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைப்பிடித்துப் பூஞ்சையை வளர்க்கும். பயன்பாட்டில் இருக்கும் திரையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்பின்னாகத் திருப்பி வைத்து, கீல்களின் திருகாணிகளை விரலால் அசைத்துப் பார்த்து, கறுப்புத்தாளை மீண்டும் ஒருமுறை அடியில் விரித்துவிடுங்கள்.